கொழும்பில் ஒரு கலியாணம்

வடபகுதியார் கொழும்புக்குப் போவது ஊர் பார்ப்பதற்காக அன்று. கடவுச்சீட்டு, தூதரகத்து நேர்முகம், பெரிய ஆஸ்பத்திரி வைத்தியரைக் காண எடுத்த சீட்டு, விமான நிலையத்தில் ஒரு வழியனுப்பல் என்று ஏதேனுமொரு கருமம் நம்மைப் பின்னின்று தள்ளிக்கொண்டு போகும். 1905 ஆம் ஆண்டில் காங்கேசன்துறை வரை இருப்புப்பாதை நிறைவெய்திய காலந்தொட்டு நம் முன்னோர் உத்தியோகத்தின் பொருட்டு அவ்வழியே சென்றனர். விடுமுறைக்கு அவ்வழியே திரும்பினர். 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் கொழும்பு இன்னும் கிட்டியது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வண்டி வருவது நின்றது. 2014 ஐப்பசியில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தினுள் வண்டி நுழைந்தபோது, தண்டவாளத்தைப் படத்தில் மட்டுமே கண்டு வளர்ந்த ஒரு தலைமுறை மேடையில் நின்று வேடிக்கை பார்த்தது.

கலியாணம் என்ற பெயரால் கொழும்புக்குப் போகும் வழக்கம் ஓரளவு புதியது. முன்னாளிற் கலியாணம் ஊருக்குள்ளேயே நடந்தது. முற்றத்தில் பந்தல், அயலார் வீட்டுக் கிணற்றடியில் விருந்தினர் குளியல், நான்கு நாள் அடுப்பு அணையாது. இன்றோ மணமக்களின் சுற்றத்தார் பாதிப்பேர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். அவர்கள் வந்திறங்கும் ஊரிலேயே மண்டபத்தை எடுத்தால் எல்லோருக்கும் இலேசு. ஆகவே ஊரிலுள்ளோர் வெள்ளிக்கிழமை இரவு புறப்பட்டு, சனியும் ஞாயிறும் தலைநகரிலே தங்கி, திங்கள் விடியற்காலையில் வீடு வந்து, குளித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இக்கணக்கு நன்கு தெரியும்.

2018 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நானும் என் மனைவியும் அப்படியொரு பயணம் போனோம். அவளும் ஆசிரியை. மணமகன் என்னிடம் மாணவராய் இருந்து, பின்னர் எங்கள் பாடசாலையிலேயே சில காலம் கற்பித்து, அதன்பின் கொழும்பிலே தொழில் தேடிக்கொண்ட நண்பர். மணமகள் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்து, பேராதனையிற் கற்று, கொழும்பில் ஆசிரியையாய் இருப்பவர். இருவரும் பல்கலைக்கழகத்திலே பழகியவர்கள். பெண் வீட்டார்க்குச் சம்மதம். எங்கள் ஊரிலிருக்கும் மணமகனின் தந்தையாருக்குச் சம்மதமில்லை. "தோட்டக்காட்டார்" என்ற அந்தப் பழைய சொல்லை அவர் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். அதன்பிறகு பேச்சே இல்லை. அழைப்பிதழில் அவர் பெயர் முறைப்படி அச்சாகியிருந்தது. ஆனால் அவர் போகப்போவதில்லை என்பதும், தம் மனைவியைப் போகவிடப்போவதில்லை என்பதும் ஊருக்கே தெரிந்த செய்தி.

முடிச்சில் ஒரு காசு

வெள்ளிக்கிழமை மாலை, நாங்கள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த வேளை, மணமகனின் தாயார் பின்வேலிப் பொட்டால் வந்தார். வந்தவர் இருக்கவுமில்லை, தண்ணீர் குடிக்கவுமில்லை. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு பவுண் காசை அவிழ்த்து என் மனைவியின் கையில் வைத்தார்.

"பிள்ளை, இது என்ர அம்மா எனக்குத் தந்த காசு. பொன்னுருக்கேக்க இதையும் சேர்த்து உருக்கச் சொல்லு. ஆர் தந்ததெண்டு சபையில சொல்ல வேண்டாம்."

அவ்வளவுதான். வந்த வழியே போய்விட்டார். இரவுத் தபால் வண்டியில் என் மனைவி அக்காசைக் கைக்குட்டையிற் சுற்றி, கைப்பையின் உள்ளறையில் வைத்து, அந்தப் பையை மடியிலிருந்து இறக்காமலே இருந்தாள். கிளிநொச்சி கழிந்தது, வவுனியா கழிந்தது. எனக்கு இடையிடையே கண் மூடியது. அவளுக்கு மூடவில்லை.

விடியுமுன் வண்டி பொல்காவலைச் சந்தியை அடைந்தது. வடபாதையும் மலைநாட்டுப் பாதையும் சேருமிடம் அது. 1867 இல் கண்டிவரை சென்ற பாதை, கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக இடப்பட்டது. 1924 இல் பதுளையைத் தொட்டது. நம்முடைய பாதை பொல்காவலையிலே கிளைத்து, குருநாகல், அநுராதபுரம் வழியாக வடக்கே ஏறியது. அங்கிருந்து கோட்டை நிலையம் வரை, ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர், மலையிலிருந்து வருவோரும் வடக்கிலிருந்து வருவோரும் ஒரே தண்டவாளத்திலேயே போகவேண்டும்.

வடக்குக்கும் மலைக்கும் இதைவிடப் பழைய வழித்தொடர்பு ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கூலிக்கென அழைத்துவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாய்ப் போயினர். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மாண்டவர் மிகப்பலர். 1914 இல் தலைமன்னார்ப் பாதை திறந்தபின்னரே அத்துறை வழியாய் வந்தவர்கள் வண்டியேறிப் போக முடிந்தது. ஆக, மலையகத்தாரின் முன்னோரில் எத்தனையோ பேர் இலங்கையில் முதலில் மிதித்தது வடபுலத்து மண்ணையே. அந்த மண்ணுக்குரியோர் பின்னாளில் அவர்களை வேற்றாராக எண்ணக் கற்றுக்கொண்டனர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய காலத்தில் வடக்கின் தமிழ்த் தலைமையே இரண்டாய்ப் பிளவுற்றது. 1949 இல் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கு அப்பிளவும் ஒரு காரணம். எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு வழிசெய்யும் சட்டம் வந்தது 2003 இலேதான். இத்தனையும் கடந்து இருவர் மணம்புரிய முன்வரும்போது, ஒரு தந்தையின் வாயில் ஒற்றைச் சொல்லாய் அந்தப் பழைய கணக்கு நின்று வழிமறிக்கிறது.

வெள்ளவத்தையிற் பொன்னுருக்கு

வெள்ளவத்தையைப் பற்றி நம் வாசகர்க்குப் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. காலி வீதியின் இருமருங்கும் தமிழ்ப் பெயர்ப் பலகைகள். முருங்கைக்காயும் பனங்கட்டியும் விற்கும் கடைகள். ஒழுங்கைகளின் முடிவில் கரையோர இருப்புப்பாதையும் அதற்கப்பால் கடலும். ஆனி மாதத்துத் தென்மேற்குக் காற்றில் அக்கடல் இரவு முழுதும் கல்லில் மோதிக்கொண்டிருக்கும். நாங்கள் தங்கிய உறவினரின் மாடிவீடு ஐந்தாந்தட்டில். பக்கத்து வீட்டார் எந்த ஊரவர் என்று கேட்டேன். ஏழு வருடமாய் அங்கிருப்பவர்க்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை மணமகனின் வாடகை வீட்டிலே பொன்னுருக்கு. வழக்கப்படி அது மணமகனின் பிறந்த வீட்டில் நடக்கவேண்டியது. இங்கே சின்னஞ்சிறு அறையொன்றில், கட்டிலை எழுப்பிச் சுவரோடு சாத்திவிட்டு, நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்திருந்தார்கள். செட்டியார் தெருவிலிருந்து வந்த பொற்கொல்லர் சிறிய உமியோட்டை மூட்டினார். நண்பர் தாம் வாங்கிவைத்திருந்த தங்கத்தை எடுத்துக் கொடுத்தார். என் மனைவி எழுந்து, கைக்குட்டையை அவிழ்த்து, "இதையும் சேருங்கோ" என்றாள்.

நண்பர் காசைக் கண்டார். தாயின் பெட்டகத்தில் தாம் சிறுவயதிலே பார்த்த காசு. யார் தந்தது என்று அவர் கேட்கவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். உமியோட்டுப் புகையென்று மற்றவர்கள் எண்ணியிருக்கலாம். இரண்டு தங்கமும் சிவந்து இளகி ஒன்றாயின.

அதன்பின் அவர் எங்களைத் தனியே அழைத்தார்.

"சேர், நாளைக்கு மணவறையில அம்மா, அப்பாவின்ர இடத்தில ஒரு சோடி இருக்க வேணுமெண்டு ஐயர் சொல்லுறார். நீங்களும் ரீச்சரும் இருப்பியளோ?"

சைவக் கிரியை முறையில் இவ்விடத்துக்கு ஒருவர் போதாது; கணவனும் மனைவியுமாய் இருக்கவேண்டும். எங்களுக்கு இப்போது ஒரு சங்கடம் நேர்ந்தது. நாளை மறுநாள் நாங்கள் திரும்பிப் போவது அவருடைய தந்தையாரின் வீட்டிலிருந்து நான்காம் வளவுக்கு. ஒரே கோயில், ஒரே சனசமூக நிலையம், என் மனைவியின் வகுப்பில் அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று படிக்கிறது. கலியாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவருவதை ஊர் மன்னித்துவிடும். தகப்பனின் இடத்தில் இருந்ததை மன்னிக்குமா? மாலைக்குள் பதில் சொல்வதாகக் கூறி வெளியே வந்தோம்.

மூன்று மொழிக் கல்

யோசிக்க வேண்டியிருந்ததால் நடந்தோம்; நடக்க இயலாமற் போனதும் ஓட்டோ பிடித்து நூதனசாலைக்குச் சென்றோம். 1877 இல் தேசாதிபதி கிரகரி காலத்திலே திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தின் ஆலமர நிழலிலே எந்த வெயிலும் தணியும். உள்ளே என் மனைவி நெடுநாளாய்ப் பார்க்க விரும்பிய கல் ஒன்று உண்டு. காலியிலே 1911 இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்தது. பொறித்த ஆண்டு 1409. சீனத்திற் புத்தபிரானுக்கும், தமிழிலே தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் பொன், வெள்ளி, பட்டு என்று ஏறக்குறைய ஒரே வகையாய் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தெய்வத்துக்கும் அவரவர் மொழியிலே கணக்குக் காட்டியிருக்கிறான், வந்த வணிகம் கெடாதிருக்க.

தேய்ந்த எழுத்துகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்:

"அந்த மனிசி அந்தக் காசை என்ர கையில கொண்டுவந்து தந்தது ஏனெண்டு நினைக்கிறியள்? தபாற்காரனிட்டக் குடுத்திருக்கலாந்தானே. தம்பி இஞ்ச கொழும்பில தான் கட்டப்போறான் எண்டதும், ஆர் ஆர் போகினம் எண்டதும் அவவுக்குத் தெரியும்."

அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை. தாய் தன் இடத்துக்கு ஆள் அனுப்பியாயிற்று என்பது விளங்கியது. ஊருக்குச் சொல்லும் விடையை ஊரிலே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். மாலை நாலரைக்குத் தொலைபேசியிற் சம்மதம் சொன்னோம், மழை பிடித்துக்கொண்டது.

சபையில் வெறுமையான பக்கம்

ஞாயிறு காலை மண்டபம். பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து சற்று உள்ளே. கொழும்பு மண்டபங்கள் மணிக்கூட்டின் ஆட்சியில் இருப்பவை. பிற்பகல் இன்னொரு வீட்டார்க்கு உரியது. பூ அலங்காரம் செய்பவர்கள் ஒரு முகூர்த்தத்தின் பூவை அவிழ்க்கும்போதே அடுத்ததை வாசலில் இறக்குகிறார்கள். பொறுப்பாளர் கதவோரம் நின்று ஐயரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் வீட்டார் வாடகை பஸ் ஒன்றில் இரவிரவாய் மலையிறங்கி வந்திருந்தனர். முதியவர்கள் கம்பளிச் சால்வையை இன்னும் கழற்றவில்லை. கொழும்பு வெக்கையில் நெற்றி வியர்த்தது. அவர்கள் ஒரு பக்கத்து நாற்காலிகளை நிரப்பினர். மணமகன் பக்கத்தில் அலுவலக நண்பர் சிலர், கனடாவிலிருந்து வந்த ஒரு சிறிய தாயார், நாங்கள். அதற்குப் பின்னால் வரிசை வரிசையாய் வெறும் நாற்காலிகள்.

இதை மணமகளின் தந்தையார் கவனித்தார். நாற்பது வருடம் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற, மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். எழுந்து தம் ஆட்களிடம் போய்த் தாழ்ந்த குரலிற் சொன்னார்: "பாதிப்பேரு அந்தப் பக்கமாப் போய் ஒக்காருங்க. மாப்பிள்ளை பக்கம் வெறுமையா இருக்கப்படாது." ஒரு பஸ்ஸிலே வந்தவர்கள் இரண்டாய்ப் பிரிந்து, நடுவழியைக் கடந்து வந்து எங்கள் பின்னால் அமர்ந்தார்கள். தம் மகளை மறுத்த வீட்டின் மானத்தைத் தம் சுற்றத்தைக் கொண்டே அவர் மறைத்துவிட்டார். படித்த நம்மவரிடையே இந்தப் பெருந்தன்மையை நான் அதிகம் கண்டதில்லை.

மணமகளின் தம்பி தோழனாய் நின்று மாப்பிள்ளையின் கால் கழுவி மோதிரம் வாங்கிக்கொண்டான். காப்புக் கட்டியாயிற்று. கன்னிகாதானத்துக்கு நாங்கள் இருவரும் எழுந்து எங்கள் இடத்திலே அமர்ந்தோம். மூன்று தலைமுறைப் பெயர் சொல்லவேண்டிய கட்டம் அது: இன்னாருடைய பூட்டன், இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன் என்று மும்முறை சொல்லவேண்டும். அவசரத்திலிருந்த ஐயர் என் பக்கம் திரும்பி, "பெயர்?" என்றார், கையிலே துண்டுக் கடதாசியுடன்.

நான் வாய் திறக்குமுன் மணமகனே தம் தந்தையின் பெயரைச் சொன்னார். மெதுவாய் அன்று, பின்வரிசைக்கும் கேட்கும்படி. அதன்பின் பாட்டன் பெயர், பூட்டன் பெயர். ஐயர் மும்முறை சொல்ல, வராத மனிதரின் பெயர் அம்மண்டபத்தில் மும்முறை ஒலித்தது. பெண் பக்கத்தில் அவர் தந்தையார் தம் பாட்டனின் பெயரைச் சொல்லும்போது சற்று நிறுத்தி, "தலைமன்னார் வண்டியில சின்னப் பிள்ளையா வந்தவரு" என்று ஐயரிடம் விளக்கமும் கூறினார். கிரியைக்கு அந்த விளக்கம் தேவையில்லை. ஐயர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

தாரை வார்த்தல், கூறை கொடுத்தல், தாலிகட்டு எல்லாம் முறையே நிறைவேறின. தாலியில் இரண்டு தங்கம் கலந்திருந்தது அங்கே நான்கு பேருக்குத்தான் தெரியும். அம்மி மிதித்து அருந்ததி பார்த்தபின், நாங்கள் அறுகரிசி தூவி வாழ்த்தினோம். பதிவாளர் மேசையை விரித்தார். சாட்சியாய் நானும் ஒப்பமிட்டேன். பந்தியில் வாழையிலை, பருப்பு, பாயாசம், மோர். பொறுப்பாளரின் கடிகாரப்படி நாங்கள் இருபது நிமிடம் பிந்திவிட்டோம்.

சட்டம் முன்னே போய்விட்டது

பதிவு மேசையில் வேறொன்றும் நினைவுக்கு வந்தது. 1707 அளவில் ஒல்லாந்தர் எழுத்திலே தொகுப்பித்த தேசவழமை இன்றும் யாழ்ப்பாணத்தாரின் சொத்துரிமையை ஆளுகிறது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட ஆடவனை வேற்றிடத்துப் பெண் மணந்தால், அம்மணம் நிலைக்குங்காறும் அவளும் அதற்கு உட்படுகிறாள். அதாவது, மலையில் பிறந்த அந்த ஆசிரியை ஒப்பமிட்ட கணத்திலே சட்டத்தின் கண்ணில் எங்கள் வழமைக்குரியவர் ஆனார். மாமனார் ஏற்காததைக் கட்டளைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் அந்த ஏற்பும் நிபந்தனையோடே வருகிறது. அதே சட்டப்படி, தம் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடுவைக்கவோ மனைவிக்குக் கணவனின் சம்மதம் வேண்டும். கணவனுக்கு மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. மலையில் இருக்கும்வரை தனித்து ஒப்பமிடக்கூடியவர், எங்கள் ஊர் மருமகளானதும் ஒப்பத்துக்குத் துணை தேட வேண்டும். ஒருவரை நம்முள் சேர்த்துக்கொள்கிறோம் என்று பெருமை பேசும்போது, எத்தகைய வீட்டினுள் அழைக்கிறோம் என்பதையும் நாம் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஞாயிறு மாலை வண்டிக்கு நேரமிருந்தது. காலிமுகத்திடலிலே ஒருமணி நேரம் இருந்தோம். 1859 இல் தேசாதிபதி வார்ட், நகரத்துப் பெண்களும் குழந்தைகளும் உலாவுதற்காக இந்த நடைபாதையை அமைத்து, தமக்குப் பின் வருவோர் பேணவேண்டுமென்று கல்லில் எழுதிவைத்துச் சென்றார். எதிரே கடலை மண்ணிட்டு நிரப்பித் துறைமுக நகரத்தை ஆக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லா மொழியிலும் பிள்ளைகள் பட்டம் விட்டனர். எங்கள் இருவருக்கும் ஊரை எண்ணிச் சற்றுக் கலக்கம் இருந்தது. கடலை வறுத்தவன் கொடுத்த சுருள் முடியும்வரை அதைப் பற்றிப் பேசாமல் இருந்தோம்.

ஊர், எதிர்பார்த்தபடியே, சில மாதம் முகத்தைத் திருப்பியது. தந்தையார் கோயில் வீதியில் என்னைக் கண்டால் மறுபக்கம் போனார். இன்றும் என்னுடன் அளவாய்த்தான் பேசுவார். திங்கள் மாலையே தாயார் பின்வேலிக்கு வந்தார். மருமகள் எப்படி என்று கேட்கவில்லை. சபையில் யார் இருந்தார் என்று கேட்கவில்லை. என் மனைவியிடம் ஒன்றே கேட்டார்: "பிள்ளை, ரெண்டும் ஒண்டாய் உருகினதோ?"

உருகியது என்றாள். அதன்பின் அவர் மூன்று தடவை கொழும்புக்குப் போய் வந்துவிட்டார். முதல் தடவை எங்களுடன். மற்ற இரண்டும் பகல் வண்டியில், தனியே. தந்தையார் இன்னும் புறப்படவில்லை. ஆனால் மூன்றாம் தடவை தாயார் புறப்பட்டபோது, ஸ்ரேசனுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான்.